தம்பி பார்க்காத பாரிஸ்

போன வருடம் மே மாதம் பாரிசுக்குப் போய்விட்டு வந்தேன். பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று காலையில் கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து நாள் அங்கே இருந்தேன். எல்லாவற்றையும் எழுத எனக்கும் பொறுமையில்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது. ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் வயதையொத்த புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நான் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் வகுப்புச் சுவரில் பாரிஸ் நகரத்தின் படம் ஒன்று தொங்கும். சேன் நதியின் பாலங்களை வரிசையாகச் சொல்லச் சொல்லி முசே அளவுகோலைத் தட்டுவார். ஒரு பாலம் தவறினால் கையில் ஓர் அடி. அந்த முசேயும் பாரிசைப் பார்த்தவர் அல்லர் என்பது பின்னால்தான் தெரிந்தது. சங்கராபரணி ஆற்றுக்கு எத்தனை பாலம் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

1962 ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அவர் சொல்தா. இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த ஒரு கையெழுத்தால் எங்கள் இரண்டு வீடும் இரண்டு திசையில் போயின. சித்தப்பாவின் மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன், பதினெட்டு வயதில் பிரான்சுக்கு விமானம் ஏறினான். நான் பிரெஞ்சுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று, அரசு அலுவலகத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். "ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா என்னப்பா?" என்று 1971-இல் ஒருமுறை அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் இறந்து முப்பது வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

தம்பியின் கடைசி மகள் திருமணத்துக்காகத்தான் பாரிஸ் போனேன். திருமணம் முடிந்த மறுவாரம், "லூவ்ரு பாக்கணும்டா" என்றேன். தலையைச் சொறிந்தான்.

"நானும் பாத்ததில்லண்ணே."

ஐம்பத்தைந்து வருடம் அந்த ஊரில் இருந்தவன்! கடிதம் பிரிக்கும் இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ராத்திரி வேலை. பகலில் தூக்கம். "அதுக்குக் கீழேயே மெத்ரோவுல ஆயிரம் தடவை போயிருக்கேன். மேலே ஏறிப் பாக்கணும்னு தோணல. அதெல்லாம் நமக்கில்லன்னு நெனச்சிட்டேன்" என்றான்.

புதன்கிழமை காலையில் கிளம்பினோம். அவன் மனைவி எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். புறநகர் ரயிலில் ஷாத்தலே, அங்கிருந்து ஒன்றாம் எண் மெத்ரோ. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு பக்கத்தில் இருக்கும் என்பதுவரை அவனுக்கு அத்துப்படி. எனக்கோ டிக்கெட்டை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. மேலே ஏறி வெளியே வந்ததும் நிலைமை மாறிவிட்டது. அரண்மனை முற்றத்தில் நின்று, இது அரசர்கள் இருந்த இடம், புரட்சிக்குப் பிறகு 1793-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், இந்தக் கண்ணாடிப் பிரமிடு 1989-இல் வந்தது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தான்.

அப்போது நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 22 யூரோவாக இருந்தது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வாசலில் நின்ற காவலாளிப் பெண்ணிடம் வழி கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, என் பாட்டி பேசுகிற மாதிரி பேசுகிறீர்கள் என்றாள். முசேயின் அளவுகோல் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு அது. தம்பி பேசும் பிரெஞ்சில் பாதிச் சொற்கள் விழுங்கப்பட்டிருக்கும், ஆனால் அவளுக்கு அதுதான் சட்டென்று புரிந்தது.

படிக்கட்டின் உச்சியில் தலையில்லாத, சிறகு விரித்த சமோத்ராஸ் வெற்றித் தேவதை நின்றாள். அவளுக்குக் கீழே மூச்சு வாங்க ஐந்து நிமிடம் நின்றோம். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தப் படிகள் ஒரு சோதனை. மோனா லிசாவைப் பார்க்கத் திருப்பதி தர்ம தரிசனம் மாதிரிக் கூட்டம். படம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். எல்லோரும் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்ததால் அவளைக் கைபேசிகளின் திரையில்தான் பார்த்தேன். எதிர்ச்சுவரில், அந்த அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியமான வெரொனேசேயின் கானா ஊர்த் திருமணம் இருக்கிறது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாண வீட்டுக்காரனான தம்பி அதைப் பார்த்துவிட்டு, "பந்தி பெருசுண்ணே" என்றான்.

அடுத்திருந்த பெரிய கூடத்துக்குப் போனோம். அங்கேதான் அவன் நின்றுவிட்டான். ஜெரிக்கோ 1819-இல் வரைந்து முடித்த மெதூசா கப்பலின் தெப்பம். 16 அடி உயரம், 23 அடி நீளம். இருண்ட கடல், சாய்ந்த தெப்பம், பிணங்கள், அவற்றின் மேல் ஏறி நிற்கும் மனிதர்கள்.

"என்னண்ணே இது, நெசமா நடந்ததா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1816-இல் செனெகலுக்குப் போன பிரெஞ்சுக் கப்பல் அது. கப்பல்தலைவன் இருபது வருடமாகக் கடலுக்கே போகாதவன், அரசரின் தயவில் பதவி வாங்கியவன். கப்பல் மணல்திட்டில் ஏறிவிட்டது. இருந்த படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. மிச்சமிருந்த 147 பேரை ஒரு தெப்பத்தில் ஏற்றி, படகுகளோடு கயிறு கட்டி இழுத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் கயிற்றை விட்டுவிட்டார்கள். பதின்மூன்று நாள் கழித்து வேறொரு கப்பல் கண்டுபிடித்தபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். ஓவியர் அவர்களில் சிலரைத் தேடிப் பேசிவிட்டுத்தான் வரைந்தார்.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு உச்சியில் நிற்பவனைக் காட்டினான். பீப்பாய் மேல் ஏறி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணியை வீசுகிற கறுப்பு மனிதன். "கப்பல் எங்கண்ணே?" அடிவானத்தில் கடுகளவு இருந்த புள்ளியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"வந்த புதுசுல எனக்கும் ஊரு இப்படித்தான் தெரிஞ்சுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களோடு வரும் சென்ட் பாட்டிலையும் குளிர்ச்சட்டையையும் பார்த்து வயிறெரிந்தவன் நான். எனக்குப் பேச்சு வரவில்லை.

மதியம் துய்லெரி தோட்டத்தில் பச்சை இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். தம்பி நாற்காலியிலேயே ஒரு தூக்கம் போட்டான். பிறகு கொன்கோர்து சதுக்கம் வரை நடந்தோம். பதினாறாம் லூயியின் தலையை 1793-இல் வெட்டிய இடம். இப்போது அங்கே எகிப்திலிருந்து கொண்டுவந்த 23 மீட்டர் உயரக் கல்தூண் நிற்கிறது. கால் வலித்ததால் ஷான்செலிசே சாலையை நடந்து பார்க்கும் ஆசையைக் கைவிட்டு, மறுபடி மெத்ரோ ஏறி வெற்றி வளைவுக்குப் போனோம்.

சின்ன வயதில் அந்த வளைவு நம் ஆயி மண்டபத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது கழுத்து வலித்தது. 50 மீட்டர் உயரம். நெப்போலியன் 1806-இல் கட்டச் சொன்னது 1836-இல்தான் முடிந்தது. அரசாங்க வேலை எந்த ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அடியில் பெயர் தெரியாத ஒரு போர்வீரனின் கல்லறை. 1923-இல் ஏற்றிய சுடர் அங்கே எரிகிறது. அன்று முதல் தினமும் மாலை 6.30-க்கு அதைத் தூண்டிவிடுகிறார்கள்.

இந்த இடம் மட்டும் தம்பிக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா ஒருமுறை பாரிஸ் வந்தபோது, வேறு எதையும் பார்க்க வேண்டாம், இங்கே மட்டும் கூட்டிப்போ என்றாராம். ஜூலை 14-இல் நம் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு அவர் பதக்கங்களோடு நடந்து போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே பதக்கங்களைக் குத்திக்கொண்டு இங்கேயும் வந்து நின்றாராம்.

கொடிகளோடு முதியவர்கள் வந்தார்கள். எக்காளம் ஊதியது. சுடர் ஒருமுறை உயர்ந்து தணிந்தது. கூட்டம் கலைந்த பிறகு தம்பி சொன்னான்:

"அப்பா இங்க நின்னுதாண்ணே சொன்னாரு. கையெழுத்துப் போடப் போன அன்னிக்குப் பெரியப்பாவும் கூடப் போயிருக்காரு. ஒரே சைக்கிள்ல. பெரியப்பா பையிலயும் காகிதம் இருந்துச்சாம், எழுதி மடிச்சு. வாசல்ல சைக்கிளப் பிடிச்சிக்கிட்டு, 'நீ போய்ப் போட்டுட்டு வாடா. ரெண்டு பேரும் போயிட்டா ஆயாவ யாரு பாக்குறது'ன்னு நின்னுட்டாராம்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேண்ணே."

ஆயா அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தாள். கடைசி நான்கு வருடம் படுக்கையில். அப்பாதான் பார்த்துக்கொண்டார். 1971-இல் நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஆயா பக்கத்து அறையில் காது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் எப்படிப் பதில் சொல்வார்? இது எனக்கு எழுபத்தைந்து வயதில் புரிகிறது.

திரும்பும் ரயிலில் இருவரும் அதிகம் பேசவில்லை. தம்பி என் தோளில் சாய்ந்து தூங்கினான். இறங்க வேண்டிய நிலையத்தில் நான்தான் எழுப்பினேன்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டான். பேரனை அழைத்துக்கொண்டு லூவ்ருக்கு மறுபடி போனானாம். தெப்பத்தின் கதையை இவன்தான் சொன்னானாம், பிரெஞ்சில்.

"பிழைச்சது எத்தன பேருன்னு கேக்குறான். பதினஞ்சுதானேண்ணே?"

"பதினஞ்சுதான்" என்றேன்.