பெரியப்பாவின் மஞ்சள் ஸ்கூட்டர்

ஸ்னோஸ்கூட்டரை உங்களில் பலர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னுக்கு இரண்டு சறுக்குக்கட்டைகள், பின்னுக்கு டாங்கியில் இருப்பதுபோல் சுழலும் ஓர் இரப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஓர் இருக்கை. ஒஸ்லோவில் இவ்வளவு பனி இருந்தும் இதை ஏன் காணவில்லை என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. காரணம் சட்டம். 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோர்வேயின் காடுகளிலும் மலைகளிலும் பொழுதுபோக்குக்காக மோட்டார் வண்டி ஓட்டுவது பொதுவாகத் தடை. நூர்மார்க்காக் காட்டில் சறுக்கிப் போகிறவர்களுக்கு அமைதி வேண்டும், விலங்குகளுக்கும் வேண்டும். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனாலும் பெரியப்பா வீட்டுக் கராச்சில் ஒரு ஸ்னோஸ்கூட்டர் நிற்கிறது.

பெரியப்பா யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். 1987இல் நோர்வேயின் வட கோடியிலுள்ள ஃபின்மார்க்குக்கு, போட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊருக்கு, மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் மீன் வெட்டும் வேலை செய்தார்கள். குளிர்காலத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் அங்கே சூரியன் எழாது. புயல் வந்தால் மலைப்பாதையையும் மூடிவிடுவார்கள்.

"வேலை, றூம், வேலை, றூம். வெளியில போனா இருட்டு. இந்த மெசின் வந்தாப் பிறகுதான் எனக்கு அந்த ஊர் ஊரா இருந்தது பிள்ளை" என்பார் பெரியப்பா.

வட நோர்வேயில் சட்டம் கொஞ்சம் வேறு. ஃபின்மார்க்கில் குச்சி நட்டு அடையாளமிட்ட ஸ்கூட்டர் பாதைகள் உண்டு. அதில் எவரும் போகலாம்; உரிமம் வேண்டும், தலைக்கவசம் வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியப்பா கூட வேலை செய்த ஒரு நோர்வே நண்பரிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். குருநகர்க் கடலில் வலை இழுத்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி, உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டிலோடு குந்தியிருந்தாராம். நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1999இல் பிள்ளைகளின் படிப்புக்காக ஒஸ்லோவுக்கு வந்தபோது ஸ்கூட்டரை அந்த நண்பரின் கொட்டிலில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் நண்பர் வீட்டை விற்றார். "உன்னுடைய சாமானை எடுக்கிறாயா, எறியவா?" என்று தொலைபேசியில் கேட்டார். அது லொறியில் வந்து இறங்கியது. இருக்கைக்குள் எலிக்கூடு. பெற்றோல் தொட்டியில் பிசின் மாதிரி ஒரு குழம்பு. குழாய்கள் எல்லாம் வெடித்திருந்தன.

அது எலான் என்ற வகை. 1971இலிருந்து 1996 வரை அதைச் செய்தார்கள். மஞ்சள் நிறம். இயந்திரம் 247 சி.சி., ஒரே ஓர் உருளைதான்.

அண்ணா, அதாவது பெரியப்பாவின் மகன், வாகனத் திருத்தம் படிக்கிறார். அவருக்கு வேறு யோசனை.

"அப்பா, இதைத் திருத்தி என்ன செய்யப்போறீங்கள்? இப்ப 850 சி.சி.யில 165 குதிரைவலுவோட வருது. நாங்கள் பெரிய எஞ்சின் ஒண்டு போடுவம். பறக்கும்."

"எஞ்சினை மாத்தினா அது வேற ஆள். எனக்குத் தெரிஞ்ச ஆள் இவர்தான்" என்றார் பெரியப்பா.

எனக்கும் வேகமாகப் போக ஆசைதான். ஆனால் சின்ன இயந்திரத்துக்கென்று செய்த சட்டமும் பிரேக்கும் பெரிய இயந்திரத்தைத் தாங்குமா? அதை நான் கேட்டதும் அண்ணா முறைத்தார். பிறகு ஒரு கிழமை கணக்குப் பார்த்துவிட்டு, அந்தக் கதையை அவரே விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வருடம் குளிர்ந்த மீனோடு நின்ற கை பெரியப்பாவுடையது. இப்போது விரல் மூட்டுகள் வீங்கி, சின்ன ஆணிகளைப் பிடிக்க முடியாது. அதனால் அவர் கதிரையில் இருந்து சொல்லுவார், நான் செய்வேன். "இந்த மாரிக்குள்ள ஓடவேணும் பிள்ளை. அடுத்த வருசம் என்ர கை எப்பிடி இருக்குமோ" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. தமிழ்ப் பள்ளி முடிந்ததும் நேரே கராச்சுக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது காபரேற்றர். பெற்றோலும் காற்றும் கலக்கும் இடம் அது. உள்ளே பித்தளையில் ஒரு குட்டித் துளை இருக்கும், அரிசியளவு. அதற்குள்ளால்தான் பெற்றோல் போகவேண்டும். குளிர் காற்று அடர்த்தியானது, அதில் ஒட்சிசன் கூட. ஆகவே பெற்றோலும் கூட வேண்டும். துளை சிறியதானால் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, பிஸ்டன் உருகி ஓட்டை விழும். வெளியே கொதிக்கிற குளிர், உள்ளே உருகுகிற அலுமினியம்! முதலில் நான் நம்பவில்லை.

கியரும் இல்லை. இரண்டு கப்பிகள், ஒரு பெல்ட். இயந்திரம் வேகமாகச் சுற்றச் சுற்ற, முன் கப்பி தானாக நெருங்கி பெல்ட்டை மேலே தள்ளும். அவ்வளவுதான்.

இந்த வண்டிகளைத் தொடக்கிவைத்தவர் கனடாவின் கியூபெக்கில் வாழ்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. 1922இல், 15 வயதில், பழைய கார் இயந்திரத்தையும் காற்றாடியையும் பூட்டி ஒரு பனிவண்டி செய்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயில் விழுந்தான். பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துவிட்டான். பனியில் ஓடும் பட்டிக்கான காப்புரிமை 1937இல் கிடைத்தது. எலானைப் போன்ற சின்ன வண்டிகள் 1959இல்தான் வந்தன. இதைப் பெரியப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதம் அண்ணா கயிற்றை இழுக்க, பத்துப் பன்னிரண்டாவது தரம் அது இருமிப் புகைத்து ஓடத் தொடங்கியது. பெரியம்மா சமையலறை யன்னலை ஓடிப்போய்ச் சாத்தினார்.

ஒஸ்லோவில் ஓட்டமுடியாது என்பதால் பங்குனியில் அதைக் காருக்குப் பின்னால் ஏற்றி, எல்லை தாண்டி ஸ்வீடனின் டாலர்னாப் பகுதிக்குக் கொண்டுபோனோம். அங்கே பாதைக்குக் காசு கட்டிவிட்டு ஓட்டலாம். புறப்பட முதல் அண்ணா ஒரேயொரு மாற்றம் செய்திருந்தார்: கைபிடிகளுக்குள் சூடேற்றும் கம்பி.

"விளக்குக்குப் போற கரண்டிலதான் இது வேலை செய்யும். இதைப் போட்டா விளக்கு மங்கும், பரவாயில்லையோ?" என்று கேட்டார்.

"எனக்கென்னத்துக்குச் சூடு? நான் ஃபின்மார்க்கில இருந்தனான்" என்று பெரியப்பா தலைக்கவசத்தை மாட்டினார்.

பின்னேரம் இருட்டுப்பட, அவர் தனியாக உறைந்த ஏரியின் மறுகரை வரை போனார். சத்தம் குறைந்து குறைந்து, பிறகு கேட்கவேயில்லை. நானும் அண்ணாவும் கரையில் கால் மாற்றி மாற்றி நின்றோம். கன நேரத்துக்குப் பிறகு தூரத்தில் வெளிச்சம் ஒன்று திரும்பி வந்தது.

"விளக்கைப் பார்" என்றார் அண்ணா மெதுவாக.

அது நன்றாக மங்கியிருந்தது.