மாம்பழ பீரும் பனங்கலயமும்

நம் சங்க மலரில் பீருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். பீரில் தொடங்கும் இந்தக் கதை, நான் சொன்ன ஒரு பொய்யில் போய் முடிகிறது. அந்தப் பொய்யைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் ஆய்வகத்து வங்க நண்பர் ஒருவரின் கட்டுரை அறிவியல் இதழொன்றில் ஏற்கப்பட்டது. மகிழ்ச்சி தாளாமல் எங்கள் நால்வரையும் விருந்துக்கு அழைத்துச் சென்றார். கொல்கத்தாவின் தென்பகுதியில், பீரைத் தாங்களே வடித்து அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கடை அது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆளுயர எவர்சில்வர் அண்டாக்கள் பளபளத்தன. கடையென்று சொல்வதை விட ஆய்வகம் என்று சொல்லலாம்.

இந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர் மது அருந்தத் தடையில்லை, எனக்கோ 23. சட்டம் விட்டுவிட்டது. ஆனால் பள்ளியில் மனப்பாடம் செய்த திருக்குறளின் 'கள்ளுண்ணாமை' அதிகாரம் அவ்வளவு எளிதில் விடுமா? தயங்கினேன். "மாம்பழ பீர், நம் ஹிம்சாகர் மாம்பழத்தில் செய்தது. சுவை பார்த்துச் சொல்" என்றார் நண்பர். விலையைப் பார்த்தேன், ஒரு தம்ளர் நானூறு ரூபாய்க்கு மேல். பிறர் செலவு என்பதால் துணிவு வந்தது.

மாம்பழச் சாற்றைப் போல இனிக்கும் என்று எண்ணிக் குடித்தேன். ஏமாந்தேன்! மூக்குக்கு மாம்பழம் கிடைத்தது. நாக்குக்குக் கிடைத்ததோ இளம்புளிப்பும் ஒரு சிறு கசப்பும்தான். நுண்ணுயிரியல் படிப்பவனுக்கு இதில் வியப்பு வந்திருக்கக் கூடாது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. இனிப்பு போய்விடுகிறது, மணம் எஞ்சுகிறது.

நண்பர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்தில் செர்ரிப் பழங்களை ஊறவைத்து 'க்ரீக்' என்ற பீர் செய்கிறார்களாம். அதன் அடிப்படையான பீருக்கு ஈஸ்ட்டைத் தனியே சேர்ப்பதில்லை, காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பதே வந்து வேலை செய்யும். 1516இல் பவேரியாவில் பீருக்கென்று ஒரு சட்டம் வந்தது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுமே சேரலாம் என்றது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அதன் வேலையைப் பாஸ்டர் விளக்கிப் பீரைப் பற்றி நூல் எழுதியது 1876இல் அல்லவா? ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, பீரைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றைத் தடுக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டனிலிருந்து வெளிர்நிற பீர் கடல் கடந்து இந்தக் கல்கத்தாவுக்கு வந்தது. அவ்வகை பீருக்கே பின்னர் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் வந்தது. இதைச் சொல்லும்போது நண்பரின் முகத்தில் ஊர்ப்பெருமை தவழ்ந்தது.

பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் இப்படி ஏதேனும் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அதுதான் நான் சொன்ன பொய்.

என் தாத்தா பனையேறி. உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில், காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, காலையும் மாலையும் பனையேறிப் பாளை சீவியவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் வடிவது பயினி. ஊருக்கு வெளியே அதைப் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அதுவே கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களை வளரவிடாது. லண்டன்காரர் ஹாப்ஸைக் கண்டதுபோல என் தாத்தாவின் முன்னோர் சுண்ணாம்பைக் கண்டிருந்தார்கள். பெல்ஜியத்துப் பீப்பாயைப் போலவே பனங்கலயத்துக்கும் ஈஸ்ட்டை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை.

தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கு 1987இலிருந்து தடை. அரசுக் கடையில் புட்டியில் அடைத்த பீர் கிடைக்கும். எல்லை தாண்டிக் கேரளத்தில் கள்ளுக்கடையே உண்டு. எங்கள் ஊரில் மட்டும் புளித்த கலயம் குற்றம். ஒருநாள் ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு குறைந்து போயிற்று. நுரை பொங்கியது. அப்போது எனக்கு எட்டு வயது. பழுத்த வாழைப்பழத்தின் மணம் விடிலி முழுதும் பரவியது. ஆசையாய் எட்டிப் பார்த்தேன். தாத்தா பதறிப்போய்ச் சாலையை ஒரு முறை பார்த்துவிட்டு, முழுவதையும் பனைமூட்டில் கவிழ்த்து, மேலே மணலைத் தள்ளினார். அவர் கை நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அறுபதடி உயரத்தில் நடுங்காத கை அது!

பள்ளிப் படிவங்களில் தாத்தாவின் தொழிலை 'விவசாயம்' என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதினேன். கல்லூரியிலும் அதையே சொன்னேன். அந்த மாலையில், மாம்பழ மணத்துக்குப் பின்னாலிருந்து அதே வாழைப்பழ மணம் மெல்ல எழுந்தது. ஈஸ்ட் தானாகவே ஆக்கும் மணம் அது. பழுத்த வாழையில் உள்ள ஐசோஅமைல் அசிட்டேட் என்ற அதே பொருள். என் மூக்கு விடிலியை அடையாளம் கண்டுகொண்டது. என் வாயோ "இல்லை" என்றது. கண்ணாடிச் சுவருக்குள் கலை என்று போற்றப்படுவதை, பனையடியில் மானக்கேடு என்று மறைத்த பேதைமையை என்னென்பது!

கள் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். அந்தத் தம்ளரையும் பாதியில் வைத்துவிட்டேன். குடிப்பதும் விடுவதும் அவரவர் முடிவு. தாத்தாவின் அறிவை இல்லையென்று சொல்ல மட்டும் எனக்கு உரிமை கிடையாது.

அன்றிரவு விடுதி மாடியில் நின்று ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். பனையேறுவதை விட்டு ஆண்டுகள் பல ஆனபோதிலும் தாத்தாவின் குரல் கணீரென்றிருந்தது. மாம்பழ பீரைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாரோ என்று அஞ்சினேன்.

"அம்புட்டு ரூவாயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சற்றே யோசித்து, ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியைப் பற்றி விசாரிக்கும் குரலில் கேட்டார்: "ஏல, அது மேல புளிச்சிராம இருக்கதுக்கு அவுக என்ன தடவுதாவ?"

ஹாப்ஸைப் பற்றிச் சொன்னேன். "பூவா? சரிதான்" என்றார்.

மறுநாள் ஆய்வகத்தில் நண்பரிடம், "நேற்று நான் சொன்னது தவறு. எங்கள் ஊரிலும் உண்டு" என்று தொடங்கினேன். பாளை சீவுவதிலிருந்து கருப்பட்டி காய்ச்சுவது வரை சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. தாத்தாவின் தொழில் என்னவென்று அவர் கேட்டார்.

"பனையேறி" என்றேன்.