விழும் கம்பியும் எழும் உள்ளமும்

உயரம் தாண்டும் போட்டியில் ஒரு விந்தை உண்டு. ஓட்டப் பந்தயத்தில் முதல்வராய் வருபவர் எல்லைக் கோட்டைக் கடந்த களிப்போடு நிற்கிறார். உயரம் தாண்டுவதிலோ, வென்றவரும் பெரும்பாலும் கம்பியைத் தட்டி வீழ்த்திய பின்னரே களத்தை விட்டு அகல்கிறார். கம்பி படிப்படியாய் உயர்த்தப்படுகிறது. தொடர்ந்து மும்முறை தவறியவர் விலக வேண்டும். எல்லாருக்கும் இறுதியாய் வீழ்த்துபவரே வெற்றியாளர்! இவ்விளையாட்டை இளமையில் பயிலும் பிள்ளை, தோல்வியோடு பழகவும் கற்றுக்கொள்கிறது.

உக்ரைன் நாட்டுத் தினிப்ரோ நகரில் 2001 செப்டம்பர் 19 அன்று பிறந்த யாரோஸ்லாவா மகுச்சிக் என்னும் பெண்ணின் தொடக்க ஆண்டுகளை நோக்குங்கால் இவ்வுண்மை நமக்குத் தெளிவாகின்றது. 2017-இல் நைரோபியில் நடந்த பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 1.92 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது அவருக்கு வயது பதினைந்து. மறு ஆண்டு புவெனஸ் ஐரிசில் இளையோர் ஒலிம்பிக் தங்கம். 2019 மே மாதம் தோகாவில் நடந்த டைமண்ட் லீக் போட்டியில், பெரியவர்களோடு நின்று 1.96 மீட்டர் தாண்டி முதலிடம் பெற்றார்.

அதே தோகாவில், அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, உலகச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி. பதினெட்டு வயது நிரம்பிப் பதினொரு நாட்களே ஆகியிருந்தன. அன்று அவர் தாண்டிய உயரம் 2.04 மீட்டர். 1980-களிலிருந்து நிலைத்திருந்த 2.01 மீட்டர் என்னும் இளையோர் உலகச் சாதனை அதனால் முறிந்தது. ஆயினும் தங்கம் கிட்டவில்லை. அனுபவம் மிக்க மரியா லசித்ஸ்கேனேயும் அதே 2.04 மீட்டரைத் தாண்டியிருந்தார். உயரம் சமமாயின், குறைவாய்த் தவறியவருக்கே முதலிடம் என்பது விதி. மகுச்சிக்குக்கு வெள்ளி.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அப்பெண் நம் வீட்டுப் பிள்ளையாயிருந்தால், வாயிலில் நாம் கேட்கும் முதற்கேள்வி என்னவாயிருக்கும்? "முதலிடம் ஏன் போயிற்று?" என்றா, "இத்துணை உயரம் தாண்டினாயே!" என்றா? தம் வயதினர் எவரும் அதுவரை எட்டாத உயரத்தை எட்டிய பிள்ளையும் இரண்டாவதாய் வரக்கூடும். தரவரிசையை மட்டுமே நோக்கும் கண்களுக்கு அவ்வுயரம் தென்படுவதில்லை. நம் மதிப்பீடு எத்துணை குறுகியது!

விளையாட்டில் விழும் கம்பியை மீண்டும் எடுத்து வைக்கலாம். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரைன்மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கிய விடியலில், தினிப்ரோவில் மகுச்சிக் வெடியோசை கேட்டு விழித்தெழுந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. பின்னர் மூன்று நாட்கள், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் காரில் பயணம் செய்து பெல்கிரேடு நகரை அடைந்தார். மார்ச் 19 அன்று, உள்ளரங்க உலகப் போட்டியில் 2.02 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். வீடு இருக்கும் மண்ணில் குண்டு விழுகையில், உள்ளத்தை ஒரு கம்பியின்மேல் நிலைநிறுத்துதல் எளிய செயலோ?

அதன் பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 2024 ஜூலை 7 அன்று பாரிசில் 2.10 மீட்டர் தாண்டி, பல்கேரிய வீராங்கனை ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா 1987-இல் நிறுவிய 2.09 மீட்டர் உலகச் சாதனையை முறியடித்தார். அடுத்த மாதம் அதே நகரில் ஒலிம்பிக் தங்கம். அன்று அவரும் ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஒலிஸ்லாகர்சும் தாண்டியது ஒரே உயரம், 2.00 மீட்டர். குறைவாய்த் தவறியவர் மகுச்சிக். தோகாவில் தங்கத்தை மறுத்த அதே விதி பாரிசில் அதனை அவர் கையில் தந்தது. இடையில் கழிந்தவை ஐந்து ஆண்டுகள். பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய பெருங்கொடை, அவ்வைந்து ஆண்டுகள் பொறுத்திருக்கும் மனமே.