சாவி கொடுத்துப் பார்த்திருந்தால்

என் அப்பா மாடு வாங்குவதைச் சிறுவயதில் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தரகர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவார். அவருடைய மகனான நான், ஒரு கிராமபோனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 574 டாலர் கொடுத்தேன்.

நான் குடியேறிய நியூஜெர்ஸியில் கிராமபோன் பைத்தியம் பிடிப்பது சுலபம். எடிசன் 1877-இல் போனோகிராபைக் கண்டுபிடித்த மென்லோ பார்க் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. 1901-இல் தொடங்கிய விக்டர் கம்பெனி கிராமபோன்களைப் பெட்டி பெட்டியாகச் செய்து தள்ளிய கேம்டனும் இங்கேதான். பழைய வீடுகளின் நிலவறைகளில் அந்தப் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. வீட்டுக்காரர் இறந்தாலோ முதியோர் இல்லம் போனாலோ, கரண்டி முதல் கட்டில் வரை விலை ஒட்டி வீட்டையே திறந்துவிடுவார்கள். அதற்கு எஸ்டேட் சேல் என்று பெயர். முதல் நாள் முழு விலை; கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலை. இப்போது இதே சாமான்கள் இணைய ஏலத்துக்கும் வருகின்றன. விடியற்காலையில் குளிரில் வரிசையில் நிற்க வேண்டாம் என்று நான் அந்த ஏலத்தில்தான் முதலில் விழுந்தேன்.

படத்தில் பூப்போல விரிந்த பித்தளைக் குழாய் பளபளத்தது. முன்பக்கம் நாய் படம் போட்ட முத்திரை. ‘1910 வாக்கில் செய்த விக்டர்’ என்று கீழே எழுதியிருந்தது. ஏலம் முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் கடிகாரம் இன்னும் சில நிமிடம் நீளும். அப்படி நீண்டு நீண்டு, இரவு பதினொரு மணிக்கு 410 டாலரில் என் தலையில் விடிந்தது. அதற்குமேல் கமிஷன் 18 சதவீதம், அனுப்பும் கூலி 90 டாலர்.

பெட்டி வந்ததும் அடிப்பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஸ்க்ரூவின் தலையில் கூட்டல் குறி. நாம் ஸ்டார் ஸ்க்ரூ என்போமே, அது. அந்த வகை சந்தைக்கு வந்ததே 1930களில். 1910 பெட்டிக்குள் அது எப்படி வரும்? உள்ளே ஏதோ ஒரு கைப்பெட்டி கிராமபோனிலிருந்து பிடுங்கிய சின்ன மோட்டார். மரம் புதுசு, குழாய் தகரம்போல மெல்லிசு. சேகரிப்பாளர் ஒருவரிடம் படம் காட்டினேன். சிரித்துவிட்டு, “இது உங்கள் ஊர்ச் சரக்கு” என்றார். பழைய உதிரிகளையும் புதுக் குழாயையும் கோத்து இந்தியாவில் செய்து ஏற்றுமதியாகும் பெட்டி. குப்பை என்று பொருள்படும் ‘கிராப்’பைச் சேர்த்து, அதற்கு ‘கிராப்போபோன்’ என்று கேலிப்பெயரே உண்டாம். எங்கள் நாட்டுப் போலியை நான் கடல் தாண்டி வந்து ஏலம் கேட்டு எடுத்திருக்கிறேன்! திருப்பிக் கேட்கவும் வழியில்லை. ‘இருக்கிற நிலையில் விற்பனை’ என்ற நிபந்தனைக்குச் சம்மதம் என்று அழுத்தியது என் விரல்தான்.

விற்றவரைத் திட்டிக்கொண்டே ஒரு மாதம் போனது. பிறகுதான் அந்தப் படங்களை மறுபடி நிதானமாகப் பார்த்தேன். ஒரு படத்தில் ஸ்க்ரூ தலை தெளிவாகவே தெரிந்தது. அன்று இரவு என் கண்ணுக்குக் குழாய் மட்டும்தான் பட்டிருக்கிறது.

அடுத்த முறை ஒரு எஸ்டேட் சேல் வரிசையில் நின்றேன். அந்த வீட்டு உணவறை மேசையில் ஒரு விக்ட்ரோலா 9 இருந்தது. குழாயை உள்ளே மறைத்த வகை. புதிதில் 50 டாலருக்கு விற்றது. ஒட்டியிருந்த விலை 150. அனுமதி கேட்டுக்கொண்டு சாவி கொடுத்தேன். கைக்கு நல்ல கனம் தெரிந்தது. ஸ்பிரிங் அறுந்திருந்தால் கைப்பிடி வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒருமுறை உள்ளே ‘தொம்’ என்றது. பழைய கிரீஸ் இறுகி ஸ்பிரிங் சுருள் ஒட்டியிருக்கிறது. கழற்றிக் கழுவினால் சரியாகும். ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸின் மைக்கா தகட்டில் விரிசல் இல்லை. பின்பக்க ரப்பர் மட்டும் கல்லாகியிருந்தது. இசைத்தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு 78 வரவேண்டும், 74 வந்தது. வேகத் திருகைச் சற்றுத் திருப்பியதும் சரியானது.

பக்கத்தில் அடுக்கியிருந்த இசைத்தட்டுகளையும் சேர்த்து வாங்கும்படி விற்பனைப் பெண் சொன்னார். ஒன்றைக் கையில் எடுத்தேன். கால் அங்குலத் தடிமன்: எடிசன் தட்டு. அதில் ஊசி மேலும் கீழுமாக அசையும், விக்டர் தட்டில் பக்கவாட்டில் அசையும். இந்தப் பெட்டியின் எஃகு ஊசியை வைத்தால் எடிசன் தட்டு பாழ். படத்தில் பார்த்திருந்தால் எனக்கு அதுவும் வெறும் கறுப்பு வட்டம்தான். பெட்டி மட்டும் போதும் என்றேன். பாதி விலைக்காகக் கடைசி நாளான மூன்றாம் நாள் மறுபடி போனேன்; அதிர்ஷ்டவசமாகப் பெட்டி இன்னும் இருந்தது. 75 டாலர்.

இணையத்தை நான் விட்டுவிடவில்லை. எந்த வீட்டில் என்ன விற்பனைக்கு வருகிறது என்று அங்கேதான் தெரிகிறது. தூரத்துப் பெட்டியாக இருந்தால் மோட்டார் ஓடும் வீடியோ, அடிப்பலகையின் படம், சவுண்ட் பாக்ஸின் பின்பக்கப் படம் மூன்றையும் கேட்பேன். தராதவரிடம் வாங்குவதில்லை. சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பச் சம்மதிக்காதவரிடமும் வாங்குவதில்லை.

பழைய கிராமபோன் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது அப்பா சந்தையில் செய்ததைத்தான். பல்லைப் பாருங்கள், பத்தடி நடக்கவிடுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.