கலைத்தாலும் கலையாத கவுண்டிகள்

கவுண்டி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட்தான். அதில் தப்பில்லை. மிடில்செக்ஸ் கவுண்டியை 1965-ல் கலைத்து, பெரும்பகுதியை லண்டனோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஓர் அணி இன்றும் லார்ட்ஸில் ஆடுகிறது!

யார்க்‌ஷயர்காரர்களுக்கு ஊர்ப்பற்று இன்னும் அதிகம். அந்த மண்ணில் பிறந்தவருக்கே அணியில் இடம் என்று வெகுகாலம் பிடிவாதமாக இருந்தார்கள். 1992-ல்தான் மனம் இறங்கினார்கள். அப்போது அங்கே ஆடிய முதல் வெளிநாட்டு வீரர் சச்சின் டெண்டுல்கர்.

இருப்பதிலேயே சுவாரஸ்யமான கதை ரட்லாண்ட். சுமார் 380 சதுர கிலோமீட்டர்தான். இத்தனூண்டு இடத்துக்குத் தனி நிர்வாகம் கட்டுப்படியாகாது என்று 1974-ல் லெஸ்டர்‌ஷயரோடு இணைத்தார்கள். மக்கள் விடவில்லை. 1997-ல் தனி கவுன்சிலைத் திரும்ப வாங்கினார்கள்.

கணக்குப் பார்த்தால் அரசு சொன்னதும் பொய்யில்லை. செலவைப் பங்கு போட ஆள் குறைவு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 41,000. 2023-24-ல் நாட்டிலேயே மிக அதிக கவுன்சில் வரி கட்டியவர்களில் அவர்களும் உண்டு. 2024 டிசம்பரில், சிறிய கவுன்சில்களை இணைக்கும் திட்டத்தை அரசு மறுபடி கையில் எடுத்தது.

நிர்வாகம் போகலாம். பெயர் போகுமா? மிடில்செக்ஸைக் கேட்டால் தெரியும்.