நாயனம் மடியில் இருக்கட்டும்

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. நாயனக்காரர்களையும் தவில்காரர்களையும் ஊர் ஊராகத் தேடிப் போய், அவர்கள் வாழ்க்கையையும் தொழிலையும் பேச வைத்துப் பதிவு செய்யப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நம் வீட்டில் இதைச் செய்ய ஒருத்தி வந்தாளே என்று அன்றெல்லாம் அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ அனுப்பிய கேள்விப் பட்டியலை முழுக்கப் படித்தேன். வானொலியில் வித்வான்கள் எதிரில் மைக்கோடு உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

கேள்விகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் பேட்டி கொடுத்துப் பழகியவர்களுக்குப் பொருந்தும் கேள்விகள். "உங்கள் கற்பனை எங்கிருந்து பிறக்கிறது?" என்று கும்பகோணம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டால், குருவருள், அம்பாள் கடாட்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அதை அவர் நெஞ்சார நம்பித்தான் சொல்வார். ஆனால் விடியற்காலை சாதகமும், ராத்திரி முழுக்க வீதியில் நின்று வாசித்ததும், உதடு வெடித்துப் போனதும் அந்தப் பதிலுக்குள் வராது. ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றுதான். பேச்சு ஆரம்பிக்கும்போது நாயனம் உறைக்குள் இருக்கக் கூடாது, மடியில் இருக்கட்டும். தவிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சொல்ல வராத இடத்தில் கை தானாக வாத்தியத்துக்குப் போகும். உனக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் உண்டு. ஜெல்லி ரோல் மார்ட்டன் நியூ ஆர்லியன்ஸ்காரர், ஜாஸ் பியானோவில் பெரிய கை. 1920களில் கொடிகட்டிப் பறந்தவர், பிறகு மவுசு போய் வாஷிங்டனில் ஒரு சின்ன கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். 1938 மே மாதம் நாட்டார் பாடல்களைச் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸ் அவரைக் காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் பியானோவுக்கு முன்னால் உட்கார வைத்து, வாழ்க்கையைச் சொல்லச் சொன்னார். லோமாக்ஸுக்கு அப்போது 23 வயது, ஏறக்குறைய உன் வயது. மார்ட்டன் சிறுவயது, சூதாட்ட விடுதி, சவ ஊர்வலப் பாட்டு என்று பேசிக்கொண்டே போகிறார், பேச்சுக்கு அடியில் விரல்கள் சன்னமாக வாசித்தபடியே இருக்கின்றன. பழைய பிரெஞ்சு குவாட்ரில் நடன மெட்டு எப்படி 'டைகர் ராக்' ஆயிற்று என்று விளக்க வந்தவர், ஒவ்வொரு பகுதியாக வாசித்து, மாற்றியும் காட்டுகிறார். அவர் சொன்ன தகவல்கள் சிலவற்றைச் சரித்திரக்காரர்கள் ஒப்புவதில்லை. இருந்தாலும் ஒரு கலைஞரின் மூளை வேலை செய்வதை அப்படிக் கேட்க வேறு எங்கே கிடைக்கும்? 1941-ல் மார்ட்டன் இறந்துவிட்டார். அந்தப் பதிவுகளை வைத்து லோமாக்ஸ் எழுதிய புத்தகம் 1950-ல் வந்தது.

நம் ஊரில் நீ நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளியிலிருந்து தொடங்கு. காவிரிக் கரையோரத்துக் கொறுக்கைத் தட்டையில் செய்கிற அந்தச் சின்னப் பொருளைப் பற்றிக் கேட்டால் பேசாத நாயனக்காரரே கிடையாது. ஒரு பெரியவர் என் எதிரில் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றை வாயில் போட்டு ஊறவைத்து, நாயனத்தில் செருகாமல் தனியாக ஊதிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினார். அடுத்ததையும் ஒதுக்கினார். மூன்றாவதை நகத்தால் லேசாக அழுத்தி, வாயின் இடைவெளியைச் சரி பண்ணிப் பொருத்தினார். முதலாவதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதிலாக அவர் வாழ்க்கையே வந்துவிட்டது. இளவயதில் கெட்டிச் சீவாளி போட்டுத் துரிதமான பிருகாக்களாக வாசித்துக் குவித்தாராம். வயதாகிப் பற்கள் போன பிறகு உதட்டுப் பிடியே மாறிப்போனது. மெல்லிய சீவாளிக்கு மாறினார், வேகத்தைக் குறைத்தார், ஒரே சுரத்தில் நிற்கக் கற்றுக்கொண்டார். தன்னுடைய தோடி அதற்குப் பிறகுதான் தோடியானது என்றார். சொல்லி முடித்ததும் இரண்டு விதமாகவும் காந்தாரத்தை வாசித்துக் காட்டினார். "உங்கள் பாணி எப்படி மாறியது?" என்ற உன் பதினோராவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வாத்தியமே மாறிய கதையையும் விட்டுவிடாதே. முன்பெல்லாம் வாசித்தது திமிரி நாயனம், குட்டை, சுருதி அதிகம். அதில் சுத்த மத்யமம் சரியாகப் பேசாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, ராகத்தை நிதானமாக விரித்து வாசிக்க இடம் கிடைத்தது. வாய்ப்பாட்டும் பயின்ற மனிதர் அவர், பாடுகிற மாதிரி வாசிக்க வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கும் ஒரு நடை போய்ப் பட்டறையில் உட்கார். பழைய வீட்டு உத்திரத்திலிருந்து வந்த ஆச்சா மரத்தை எப்படித் தட்டிப் பார்த்து எடுக்கிறார்கள் என்று கேள். எந்த வித்வான் என்ன குறை சொல்லித் திருத்தி வாங்கிப் போனார் என்பது ஆசாரிமார்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஞாபகம் இருக்கும்.

அப்புறம் வீதி. சாமி புறப்பாட்டில் மல்லாரி முழங்கி வெளியே வந்து, நாலு வீதியும் சுற்றித் திரும்பும் வரை ராகம் வாசித்தவர்கள் இவர்கள். இன்றைக்குப் பல ஊர்களில் புறப்பாடு சீக்கிரமே முடிந்துவிடுகிறது. சபாக்களிலோ நாகஸ்வரம் பெரும்பாலும் தொடக்கத்து மங்கல இசையோடு நின்றுவிடுகிறது. மணிக்கணக்கில் ஒரு ராகத்தை வளர்த்தவருக்கு இப்போது கால் மணி நேரம் கொடுத்தால் எதை விடுவார், எதை வைத்துக்கொள்வார்? இதைக் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அவர் யோசிக்கிற நேரத்தை உன் அடுத்த கேள்வியால் நிரப்பிவிடாதே.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கூச்சப்படாதே கண்ணு, மரியாதையாகக் கேட்டால் அவர்களே ஆசையாகச் சொல்வார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அந்த மாசங்களில் அடுப்பு எப்படி எரிந்தது? செட்டில் இரண்டாவது நாயனத்துக்கும் தாளக்காரருக்கும் பங்கு எப்படிப் பிரிந்தது? ஒத்து ஊதியவர்கள் சுருதிப் பெட்டி வந்த பிறகு என்ன ஆனார்கள்? யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் யாராவது உண்டா? ஆந்திரத்துக் காரவடியிலிருந்து வந்த நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, தஞ்சாவூர்ப் பாணியில் ஊறி, 1998-ல் சங்கீத கலாநிதி வரை போனார். ஊர் மாறுவது என்பது ஒரு கலைஞரின் வாழ்க்கையில் எத்தனை பெரிய முடிவு! நீ சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் "ஏன் இந்த ஊர்?" என்று கேள்.

ஜாதியும் பேச்சில் வரும். இசை வேளாளர் வீடுகளுக்கும் போவாய், மருத்துவர் சமூகத்து வீடுகளுக்கும் போவாய். ஒரே வாத்தியம், ஆனால் பட்ட அனுபவம் ஒன்றல்ல. நேராக "உங்களை எப்படி நடத்தினார்கள்?" என்று கேட்காதே. கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் சாப்பிட்டீர்கள், எங்கே படுக்க இடம் கொடுத்தார்கள் என்று கேள். சிலர் சொல்வார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினால் நீயும் கூடவே மாறிவிடு. யார் பெயரையாவது சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் அழித்துவிடு. அந்தப் பேச்சு அவருடைய சொத்து. பதிவின் நகல் ஒன்றைக் கட்டாயம் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வா.

வீட்டு அம்மாக்களிடம் தனியாகப் பேசு. தவில்காரர் விரலில் மாட்டுகிற கூட்டுக்குத் துணி கிழித்துப் பசை காய்ச்சிக் கொடுத்த கை அவர்களுடையதாக இருக்கும். எந்தக் கச்சேரிக்குப் பிறகு அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, எந்தப் பிள்ளைக்கு வித்தை வந்தும் வேறு வேலைக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கிளம்புமுன் பி.எம். சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்' படித்துவிட்டுப் போ. அவர் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பிள்ளை. பழைய நாகஸ்வர, தவில் வித்வான்களின் வரலாறுகளை அதில் சேர்த்து வைத்திருக்கிறார். பெரியவர் ஒருவர் தன் குருவின் குருவைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பெயர் உனக்கு முன்பே தெரியும் என்று உன் முகத்தில் கண்டாலே போதும், பேச்சு இன்னும் ஆழமாகப் போகும். அவர்கள் தங்களைப் பற்றிக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னாலும் திருத்தாதே. அதையும் பதிவு செய், வருஷத்தையும் ஊரையும் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

மைக் விஷயம் ஒன்று. தவில் பக்கத்தில் மைக்கை வைத்தால் பேச்சு நாசமாகிவிடும். பேசுபவர் சட்டையில் சின்ன மைக் ஒன்று, வாத்தியத்துக்கு எட்டத்தில் தனி மைக் ஒன்று. மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்காதே, வெயிலாக இருந்தாலும் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தை மாசம் ஆரம்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். தையில் முகூர்த்தம் மேல் முகூர்த்தம், ஒருவரையும் வீட்டில் பிடிக்க முடியாது, பிடித்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். மார்கழி முதல் வாரமே வந்துவிடு. விடியற்காலைக் கோயில் முறை முடிந்து, காலை எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்கள், நாயனமும் சூட்டோடு கையில் இருக்கும். நம் வீட்டிலேயே தங்கிக்கொள், முதல் இரண்டு வீடுகளுக்கு நானும் கூட வருகிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம் சொல்.

அன்புடன்,
மாமா