உடையார்கட்டு ரொபோ வகுப்பு: தை முதல் ஆவணி வரை

தை 18

பாடசாலை மட்டப் போட்டிகளில் ஓடும் ரொபோ பெரும்பாலும் இரண்டு உள்ளங்கை அளவு வண்டிதான். இரண்டு மோட்டர், இரண்டு சில்லு, முன்னால் தரையில் உருளும் ஒரு குண்டு, தரையைப் பார்க்கும் உணரிகள், நடுவில் நுண்கட்டுப்படுத்தி, முதுகில் பற்றரி. முகமும் கையும் எதிர்பார்த்து வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். தூரக்கட்டுப்பாட்டுக் காரிலிருந்து இதைப் பிரிப்பது ஒரே விதி: தொடக்கப் பொத்தானை அழுத்திய பிறகு மனிதக் கை அதைத் தொடக்கூடாது. வெள்ளைத் தளத்தில் ஒட்டிய கறுப்பு வரியைப் பிடித்துக்கொண்டு போவது, புதிர்வழியில் சுவரில் முட்டாமல் வழி காண்பது, ஒரு பெட்டியை எடுத்து அதன் நிறம் பார்த்து உரிய இடத்தில் வைப்பது ஆகிய மூன்றின் கலவைதான் பெரும்பாலான போட்டிகள்.

இலங்கையில் இதற்கான வாசல்கள் சில உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல் துறை சார்ந்தவர்கள் நடத்தும் இலங்கை ரொபோட்டிக்ஸ் சலஞ்சில் பாடசாலைப் பிரிவு இருக்கிறது. வடக்கில் யாழ் ஐரி ஹப் 2012 முதல் யாழ் கீக் சலஞ்சை நடத்தி வந்திருக்கிறது. உடையார்கட்டு பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் உள்ள ஊர். அங்கிருந்து போகக்கூடிய பொறியியல் நிறுவனம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பொறியியல் பீடம். உதிரிப்பாகக் கடைதான் தொலைவு. உணரி ஒன்று எரிந்தால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்துதான் அது வரவேண்டும். வகுப்பின் ஒழுங்கைத் தீர்மானிப்பது பெரிதும் இந்தத் தொலைவே.

தை 25

எந்தப் பொருளை வைத்துக் கற்பிப்பது? லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டோர்ம்ஸ் பெட்டி 1998இல் வந்தது. பெயர், சீமோர் பேப்பெர்ட் 1980இல் எழுதிய புத்தகத்தினுடையது. கட்டைகளைச் சொருகினால் வண்டி. திரையில் கட்டங்களை இழுத்து அடுக்கினால் செய்நிரல். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் விலை அதிகம். அந்த நிறுவனம் 2022 முடிவோடு மைண்ட்ஸ்டோர்ம்ஸ் வரிசையை நிறுத்தியும் விட்டது. அதே ஆண்டில் இலங்கையில் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. ஒரு நிறுவனத்தின் பெட்டியை நம்பிப் பாடத்திட்டம் போடுவது கிராமப் பாடசாலைக்குப் பொருந்தாது.

ஆகவே ஆடுயினோ. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான இந்தப் பலகையின் வரைபடம் எவருக்கும் திறந்தது. அதனால் மலிவான பிரதிகள் எங்கும் கிடைக்கின்றன. ஊனோ வகையில் 16 மெகாஹேர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் செய்நிரல் இடம், 2 கிலோபைட் வேலை நினைவகம். கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வரி பிடிக்கும் வண்டிக்கோ தேவைக்கு மேல். கணினியில் மென்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம் என்பது இன்னொரு வசதி. பிரதிப் பலகைகள் பலவற்றுக்கு சிஎச்340 என்ற இயக்கி மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். இது தெரியாமல் பலகை பழுது என்று ஒதுக்கிவைப்பது வழக்கம்.

மாசி 8

பழைய அச்சுப்பொறி, சீடி இயக்கி, உடைந்த விளையாட்டுக் கார் எல்லாம் மோட்டருக்கும் பற்சக்கரத்துக்கும் சுரங்கம். ஆனால் வன்னியில் இதற்கொரு விதி உண்டு. மற்ற ஊர்ப் பாடநூல்களில் அது இராது. பழைய பொருள் வீட்டிலிருந்தோ திருத்தும் கடையிலிருந்தோ மட்டும் வரவேண்டும். காணியிலோ காட்டுக்கரையிலோ கிடந்த எந்த உலோகமும், எந்த வயரும் வகுப்புக்குள் வரக்கூடாது. போரின் இறுதிக்கட்டத்தில், 2009 தையில் அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த ஊர் இது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பாடசாலைகளில் நடந்த மிதிவெடி அபாயக் கல்வி, அறியாத பொருளைத் தொடாதே என்று இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த ஒழுங்கு அப்படியே இருக்க, அறிந்த பொருளைத் திறந்து பார்க்கும் ஆசையை அதன் பக்கத்தில் வளர்க்க வேண்டும். திருப்புளியைக் கையில் எடுக்குமுன் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வகுப்பின் முதல் வழக்கம்.

மாசி 22

மோட்டர் நாள். இரண்டு சில்லும் ஒரே வேகத்தில் முன்னே சுற்றினால் வண்டி நேரே போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். சுக்கான் கிடையாது. இதற்குப் படம் வரையத் தேவையில்லை. லான்ட்மாஸ்டர் என்று ஊரில் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரம் வயலில் இப்படித்தான் திரும்புகிறது. இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச்சில்லுக்கு வலு போகாது, இயந்திரம் இடப்பக்கம் வளையும்.

நுண்கட்டுப்படுத்தியின் முனை நேரடியாக மோட்டரைச் சுழற்றாது. அதிலிருந்து வரும் மின்னோட்டம் போதாது. இடையில் ஓர் ஓட்டிச் சுற்று வேண்டும். மலிவாகக் கிடைக்கும் எல்298என் தன்னிடத்திலேயே ஏறத்தாழ இரண்டு வோல்ற்றை வெப்பமாக விழுங்கிவிடும். 7.4 வோல்ற் பற்றரி போட்டாலும் மோட்டருக்குச் சேர்வது ஐந்தரையை ஒட்டியது. டிபி6612 என்ற சிறிய சுற்று அவ்வளவு விழுங்காது, சூடாவதும் குறைவு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டர்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. 0 முதல் 255 வரையான வேக அளவில் இரண்டுக்கும் 150 கொடுத்துவிட்டு, வண்டி சீமெந்துத் தரையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சோக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தால் போதும். செய்நிரலில் சொன்னதும் தரையில் நடப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

பங்குனி 15

பிழை தேடும் வரிசை. இந்தப் பாடத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடிய நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் இதற்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை.

வண்டி ஓடாவிட்டால் பிள்ளைகள் உடனே கணினியின் முன்னால் போய் இருந்து செய்நிரலை மாற்றத் தொடங்குவார்கள். நேற்று ஓடிய செய்நிரல் இன்று தானாகக் கெட்டுப்போகாது. கெட்டது அனேகமாக வயர் அல்லது பற்றரி. எனவே வரிசை கீழிருந்து மேலே: முதலில் பற்றரியின் வோல்ற்றளவைப் பல்மானியால் அளப்பது, பிறகு பலகைக்கு ஐந்து வோல்ற் வருகிறதா என்பது, பிறகு பலகையினதும் ஓட்டிச் சுற்றினதும் மறை முனைகள் ஒன்றாக இணைந்திருக்கின்றனவா என்பது, பிறகு உணரியின் எண் திரையில் மாறுகிறதா என்பது, இவை சரியென்றால் மட்டும் செய்நிரல். பொது மறை முனையை மறப்பது எல்லா நாட்டு மாணவருக்கும் பொதுவான பிழை. மோட்டர் திடீரென்று திசை மாறும் கணத்தில் பற்றரியின் வோல்ற்றளவு சரிந்து பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது செய்நிரல் குழப்பம் போலவே தெரியும்.

செய்நிரலிலேயே பிழையென்றால் இன்னொரு தடை. அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். தமிழ்மொழி மூலம் படிக்கும் பத்தாம் ஆண்டு மாணவர் அதைப் படிக்காமலே மூடிவிடுவார். அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு அறிவிப்புகளைச் சுவரில் தமிழ் விளக்கத்தோடு ஒட்டிவிட்டால் பயம் போய்விடும். அரைப்புள்ளி விடுபட்டால் கணினி பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் சுட்டும். ஒரு வரி மேலே பார்க்கும் பழக்கம் அதனால் வரவேண்டும்.

இந்த வரிசையில் செல்வதற்கு ஒரு குறிப்புப் புத்தகம் தேவை. கலவன் குழுக்களில் திருப்புளி ஆண்பிள்ளைகளிடமும் குறிப்புப் புத்தகம் பெண்பிள்ளைகளிடமும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அழகான எழுத்து என்று காரணமும் சொல்லப்படும். பொறுப்புகளை ஒவ்வொரு கிழமையும் மாற்றுவதை ஆசிரியரே செய்ய வேண்டும்.

சித்திரை 26

வரியைக் காண்பது செந்நிறக்கீழ் ஒளியால். டிசிஆர்டி5000 போன்ற உணரியில் 950 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளிவிடும் ஒரு இருவாயியும், திரும்பிவரும் ஒளியைப் பிடிக்கும் ஒரு திரான்சிற்றரும் அருகருகே இருக்கின்றன. வெள்ளைத் தளம் ஒளியைத் திருப்பும், கறுப்பு உறிஞ்சும். தரைக்கும் உணரிக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளியே நல்லது. ஆடுயினோ அதை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும்.

கண்ணுக்குக் கறுப்பானது உணரிக்கும் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. சில கறுப்பு மைகள் செந்நிறக்கீழ் ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பும். பேனையால் தீட்டிய வரியில் வண்டி தடுமாறுவது அதனால். கடைகளில் கிடைக்கும் கறுப்பு இன்சுலேசன் ரேப் நம்பகமானது, வெயிலில் பசை இளகி ஓரம் கிளம்பாதவரை.

பெரிய பகை சூரியன். தரையை அடையும் சூரிய சக்தியில் ஏறத்தாழப் பாதி செந்நிறக்கீழ்ப் பகுதியைச் சேர்ந்தது. சித்திரை நடுவில் வன்னிக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது. ஆவணி இறுதியில் மறுபடி. அரைச்சுவர் வகுப்பறையில் காலை எட்டு மணிக்கு ஒழுங்காக ஓடிய வண்டி, பத்தரைக்கு வெயில் பட்ட இடத்தில் வரியை விட்டு ஓடும். உணரியைச் சுற்றிக் கறுப்புக் காகிதப் பாவாடை கட்டுவது ஒரு மருந்து. இன்னொன்று அளவுதிருத்தம்: தொடக்கத்தில் வண்டி வரியின் மேல் இடமும் வலமும் ஆடி, ஒவ்வோர் உணரியின் மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் தானே குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே எல்லையை வைத்துக்கொள்ளும். எல்லை 500 என்று செய்நிரலில் எழுதிவைத்த குழுவும், வண்டியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்ட குழுவும் ஒரே தளத்தில் ஓடும்போது வேறுபாடு விளங்கிவிடும்.

தூரம் அளக்கும் கழியொலி உணரிக்கோ வெப்பம் பொருட்டு. எச்சி-எஸ்ஆர்04 அனுப்பும் 40 கிலோஹேர்ட்ஸ் ஒலி திரும்பிவரும் நேரத்திலிருந்து தூரம் கணிக்கப்படுகிறது. செய்நிரல்களில் வழக்கமாக எழுதும் செக்கனுக்கு 343 மீற்றர் என்ற வேகம் 20 பாகை செல்சியசுக்கு உரியது. 35 பாகையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 352 மீற்றர் போகும். ஒரு மீற்றர் தொலைவிலுள்ள சுவர் இரண்டரைச் சென்ரிமீற்றர் கிட்ட இருப்பதாகத் தெரியும். பௌதிகப் பாடத்துச் சமன்பாடு ஒன்று தரையில் வேலை செய்வதைக் காட்ட நல்ல இடம்.

வைகாசி 10

ஒரே உணரியோடு எழுதும் முதல் செய்நிரல், கறுப்பைக் கண்டால் இடம், வெள்ளையைக் கண்டால் வலம் என்று போகும். வண்டி வரியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நெளிந்து நெளிந்து நகரும். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகக்கூடாது. உணர்தல், முடிவெடுத்தல், இயங்குதல் என்ற சுழற்சி முழுவதும் இதற்குள் இருக்கிறது. பிரிஸ்டலில் கிரே வால்ட்டர் 1940களின் கடைசியில் செய்த ஒளியைத் தேடும் ஆமை வண்டிகளும் ஏறக்குறைய இவ்வளவு எளிய மூளையோடுதான் ஓடின.

காத்திருக்கச் சொல்லும் கட்டளை இங்கே தீங்கு செய்யும். செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் ஓடும் வண்டியை 100 மில்லிசெக்கன் காத்திருக்க வைத்தால் அது ஐந்து சென்ரிமீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதாகும். ரேப்பின் அகலம் இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை.

வைகாசி 31

ஐந்து உணரிகள் வந்தால் வண்டி வரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பது எண்ணாகிவிடும். நடு உணரிக்கு 0, இடப்பக்கம் –1, –2, வலப்பக்கம் 1, 2. விலகல் கூடினால் திருத்தமும் கூடவேண்டும், இது முதற்பகுதி. இதை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வண்டி இருபுறமும் ஆடத் தொடங்கும். விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பார்த்து அந்த ஆட்டத்தை அடக்குவது இரண்டாம் பகுதி. நீண்டகாலச் சிறு விலகலைச் சேர்த்துத் தீர்ப்பது மூன்றாவது. வரி பிடிக்கும் வண்டிக்கு அது அனேகமாகத் தேவைப்படாது. கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் மாலுமி எப்படித் திருத்துகிறான் என்று கவனித்து நிக்கொலாஸ் மினோர்ஸ்கி 1922இல் எழுதிய கட்டுரையில் இந்த மூன்றும் உள்ளன.

வகையீடு படித்திராத பிள்ளைக்கு இதைக் கற்பிக்கலாமா என்பது ஆசிரியர்களிடையே வாதம். கற்பிக்கலாம்: இப்போதைய விலகலிலிருந்து முந்தைய விலகலைக் கழித்தால் போதும். கழித்தல் எல்லாருக்கும் தெரியும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே கடினமான பகுதி.

ஆனி 21

புதிர்வழி. எலி ரொபோப் போட்டியை 1977இல் அமெரிக்காவின் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் அறிவித்தது. 1979இல் நியூயோர்க்கில் இறுதி நடந்தது. அங்கே நினைவகமே இல்லாமல் ஒரு பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு ஓடிய வண்டி, சிந்திக்கும் வண்டிகளை வேகத்தில் முந்தியது. அடுத்து ஐரோப்பாவில் நடந்தபோது இலக்கு நடுவுக்கு மாற்றப்பட்டது. சுவரைத் தடவி நடுவை அடைய முடியாதபடி வழி அமைக்கலாம். எளிய உபாயம் விதியையே மாற்றவைத்தது என்ற இக்கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

16க்கு 16 கட்டங்களில் வழி காணும் முறையை முதலில் தரையில் சோக்கட்டியால் நடத்தலாம். இலக்குக் கட்டத்துக்கு 0, அதைத் தொடும் கட்டங்களுக்கு 1, அடுத்தவற்றுக்கு 2. சுவர் தென்பட்டால் எண்களை அழித்து மறுபடி எழுத வேண்டும். சிறிய எண்ணை நோக்கி ஒரு பிள்ளை நடக்க மற்றவர்கள் எண் எழுதுவார்கள். கணினி இல்லாமலே பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஆடி 12

போட்டிக்கு முந்திய வேலைகளில் விதிக்கோவை வாசிப்பே முதன்மையானது. அது ஆங்கிலத்தில் வரும். ஒவ்வொரு விதியையும் தமிழில் சொல்லி, அதை மீறினால் என்ன தண்டனை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நீள அகல எல்லை, தொடக்கப் பொத்தான் ஒன்றா இரண்டா, அளவுதிருத்தத்துக்கு நேரம் உண்டா என்பவற்றைப் பார்க்காமல் போன நல்ல வண்டிகள் ஓடாமலே திரும்பும். மண்டபத்தின் ஒளி வகுப்பறை ஒளியல்ல: குழல்விளக்கு செந்நிறக்கீழ் ஒளியை அதிகம் தராது, மேடையின் ஹலஜன் விளக்கு நிறையத் தரும். படம் பிடிப்பவரின் மின்னொளியும் வரியை மறக்கச் செய்யலாம்.

18650 வகைப் பற்றரிக் கலம் இரண்டு தொடராக நிறைந்திருக்கும்போது 8.4 வோல்ற். அந்த வோல்ற்றளவில் சீர்செய்த எண்கள் 7.4இல் பொருந்தாது. பயிற்சி ஓட்டங்களில் வோல்ற்றளவையும் சேர்த்துக் குறித்த குழுவுக்கு மட்டும் எப்போது கலம் மாற்றுவது என்று தெரியும்.

ஆவணி 16

போட்டி முடிந்த பிறகு வண்டியை அலுமாரியில் காட்சிக்கு வைப்பது வழக்கம். பொருள் அரிதான இடத்தில் அது கட்டுபடியாகாது. கலங்களை முழுதாக நிரப்பியும் வற்றவிட்டும் வைக்காமல், ஒன்றுக்கு 3.7 வோல்ற் அளவில் விட்டு, முனைகளை ரேப் சுற்றித் தனித்தனியே வைக்க வேண்டும். சில்லு அச்சில் சுற்றிய முடியையும் மணலையும் நீக்கி மோட்டர்களைச் சோடி சோடியாகக் கட்டி, எது எவ்வளவு சாய்ந்தது என்ற எண்ணை மேலே எழுதலாம். செய்நிரலின் கடைசிப் பிரதியோடு, ஓடாத பிரதிகளும் திகதியிட்டு இருக்க வேண்டும். உணரித் தட்டும் குறிப்புப் புத்தகமும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் போகும். அவர்கள் தையில் புதிய சட்டகத்திலிருந்து தொடங்குவார்கள்.